கோடையில் நடந்து ஊர் பார்க்க எது கைகொடுக்கும்: நேரமா, நிழலா, ஈரமா, விசிறியா?

கோடையில் ஒரு நகரத்தை நடந்து பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு விற்கப்படும் பொருள்களுக்குக் குறைவே இல்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மின்விசிறி, நனைத்து உதறினால் குளிரும் துண்டு, பனிக்கட்டிப் பைகள் செருகிய மேல்சட்டை, வெள்ளி பூசிய குடை, மென்தால் தெளிப்பான், வியர்வையை இழுக்கும் சட்டை. இதில் எதை வாங்குவது என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகிற ஊரில் வியர்வை காயுமா, காயாதா? அது தெரிந்துவிட்டால் பாதிப் பொருள்கள் தாமாகவே பட்டியலிலிருந்து கழன்றுவிடும். மீதியை விடவும் அதிகமாக உதவுபவை எந்தக் கடையிலும் கிடைக்காது. எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், தெருவின் எந்தப் பக்கம் நடக்கிறோம், எவ்வளவு வேகமாக நடக்கிறோம் என்பவை அவை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் ஏறக்குறைய 80 முதல் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடந்தால் அது 300 வாட் அளவுக்கு ஏறும். அதை வெளியே தள்ளியாக வேண்டும். இல்லையென்றால் உடலின் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸை விட்டு மேலே போகத் தொடங்கும். வெளியே தள்ள முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. தோலைத் தொட்டுப் போகும் காற்று கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். சுற்றியிருக்கும் குளிர்ந்த பரப்புகளை நோக்கிக் கதிர்வீச்சாகக் கொஞ்சம் போகும். வியர்வை ஆவியாகும்போது கொஞ்சம் போகும். வெப்பமான நாளில் தோல் 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் முதல் வழி திசை மாறி, காற்றே நம்மைச் சூடாக்கும். வெயில் ஏறிய தார்ச்சாலையும் சுவரும் 50, 60 டிகிரிக்குப் போய்விட்டால் இரண்டாவது வழிக்கும் அதே கதி. அப்போது மிஞ்சுவது வியர்வை மட்டும்தான்.

அது சின்ன வழி இல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலிருந்தே ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேர நடையில் உண்டாகும் வெப்பம் ஏறக்குறைய 1,000 கிலோஜூல். அரை லிட்டருக்கும் குறைவான வியர்வையே அதைச் சமாளித்துவிடும். ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டி விழுகிற வியர்வையும், கைக்குட்டையால் துடைத்தெடுக்கிற வியர்வையும் உடம்பைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் போனதுதான் கண்ட பலன்.

காயுமா, காயாதா?

வானிலைச் செயலியில் எல்லோரும் பார்ப்பது வெப்பநிலையைத்தான். வெளியில் நடக்கிறவருக்கு அது அரைகுறைத் தகவல். அந்த எண் நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள் அளக்கப்படுவது. நம் தலைமேல் அடிக்கிற வெயில் அதில் இல்லை. 1950களில் அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்தபோது, அதைத் தடுக்க ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். இன்றும் வெளியில் உழைப்பவர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் அதுதான் பயன்படுகிறது. அதில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கு 70 விழுக்காடு எடை, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்துக்கு 20 விழுக்காடு. வெறும் காற்றின் வெப்பநிலைக்கு 10 விழுக்காடுதான்.

ஆகவே செயலியில் பார்க்க வேண்டிய எண் பனிநிலை வெப்பநிலை (dew point), அதாவது காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் அதிலுள்ள நீராவி பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை. பல செயலிகளில் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தால் இருக்கும். அது 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் வியர்வை வந்த வேகத்தில் காயும். 20ஐத் தாண்டினால் புழுக்கம் தெரியத் தொடங்கும். 24க்கு மேல் போனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், காயவே காயாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈரப்பத விழுக்காட்டைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். அது ஆளை ஏமாற்றும். காலை 25 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதம் காட்டும் காற்று, பிற்பகலில் 38 டிகிரிக்குச் சூடானால் 43 விழுக்காடு காட்டும். காற்றிலுள்ள நீராவி அதேதான். ‘காலையில் ஈரப்பதம் அதிகம், பிற்பகலில் போகலாம்’ என்று இந்த எண்ணை நம்பி முடிவு செய்தால், வியர்வை காய்வதில் பெரிய ஆதாயம் எதுவும் இல்லாமல் வெயிலை மட்டும் வாங்கிக்கொள்வீர்கள்.

இந்த ஒரு கேள்விக்கான பதில், கீழே வரும் ஒப்பீடுகளில் பாதியைத் தீர்மானிக்கும்.

காலை நடையா, மாலை நடையா?

எல்லாவற்றிலும் பெரிய முடிவு இதுதான். வேறு எதையும் செய்யாமல் நேரத்தை மட்டும் மாற்றினாலே போதுமான நாட்கள் நிறைய உண்டு. தெளிவான வானில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் அளவுக்கு அடிக்கும். நடையால் உடம்புக்குள் உண்டாகும் 300 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் உச்சிக்குப் போவது நண்பகலில் என்றாலும், காற்று உச்சச் சூட்டைத் தொடுவது பெரும்பாலும் பிற்பகல் 3, 4 மணி வாக்கில். ஆக, காலை 11 முதல் மாலை 4 வரை ஏதோ ஒன்று உச்சத்தில் இருந்துகொண்டே இருக்கும்.

காலையா மாலையா என்றால், உடம்புக்கு நல்லது காலை. சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் காற்று மிகக் குளிர்ச்சியாக இருக்கும், சுவர்களும் சாலைகளும் இரவெல்லாம் வெப்பத்தை விட்டு ஆறியிருக்கும். மாலையில் வெயில் போனாலும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தைக் கட்டடங்கள் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். நகரம் சுற்றுப்புறக் கிராமங்களைவிடச் சூடாக இருக்கிறது, அதுவும் இரவில்தான் அந்த வித்தியாசம் கூடுதல் என்று வானிலை ஆய்வாளர் லூக் ஹோவர்ட் லண்டனில் அளந்து எழுதி 200 ஆண்டுகள் ஆகின்றன. இரவு 8 மணிக்குக் கல் சுவருக்குப் பக்கத்தில் போனால் அனல் வீசுவது தெரியும்.

ஆனால் நகரம் என்பது கட்டடங்கள் மட்டும் இல்லை. காலை 6 மணிக்குத் தெருக்கள் அழகாக இருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். கடைத்தெருவையும் கூட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றால் மாலைதான். அதனால் நான் சொல்வது இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக்கொடுப்பது. தூரம் நடக்க வேண்டியதை, மேடேற வேண்டியதை, நிழலே இல்லாத இடங்களைக் காலையில் முடியுங்கள். நின்று பார்ப்பதை, உட்கார்ந்து பார்ப்பதை மாலைக்கு விடுங்கள்.

போகிற ஊர் வறண்டதாக இருந்தால் காலையின் லாபம் இன்னும் பெரிது. வறண்ட ஊர்களில் காலைக்கும் பிற்பகலுக்கும் 15 டிகிரிகூட வித்தியாசம் இருக்கலாம். கடலோரப் புழுக்க ஊர்களில் அந்த வித்தியாசம் சிறியது. அங்கே காலையில் கிளம்புவதால் கிடைக்கும் லாபம் முக்கியமாக வெயிலிலிருந்து தப்பிப்பதுதான். அதனால் அங்கே மாலை, மேகமூட்டமான பகல் எல்லாம் காலைக்கு ஓரளவு ஈடாகும்.

நிழலைத் தேடுவதா, நிழலைச் சுமப்பதா?

நிழலில் காற்றின் வெப்பநிலை பெரிதாகக் குறைவதில்லை. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி குறைந்தால் அதிகம். ஆனால் உடம்பு உணர்வது வானத்து வெயிலையும், சுற்றிலும் சூடேறிய பரப்புகளின் அனலையும் சேர்த்து. அது நிழலில் சடாரென்று விழும். புழுக்க ஊராக இருந்தாலும் வறண்ட ஊராக இருந்தாலும் பாரபட்சமில்லாமல் உதவுவது நிழல். அதனால்தான் நேரத்துக்கு அடுத்த இடத்தை அதற்குக் கொடுக்கிறேன்.

நிழலைத் தேடுவதற்குக் கொஞ்சம் திசை அறிவு போதும். வடக்குத் தெற்காகப் போகும் தெருவில் காலையில் கிழக்கு நடைபாதையில் நிழல் இருக்கும், பிற்பகலில் மேற்கு நடைபாதையில். கிழக்கு மேற்காகப் போகும் தெரு கொஞ்சம் வம்பு. பூமத்திய ரேகைக்கு நன்றாக வடக்கே உள்ள ஊர்களில் நண்பகலில் தெற்கு நடைபாதையில் நிழல் கிடைக்கும், தென்கோளத்தில் வடக்கு நடைபாதையில். வெப்ப மண்டல ஊர்களில் கோடை நண்பகலில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்பதால் இரண்டு பக்கமும் கிடைக்காது. காலையிலும் மாலையிலும் சூரியன் தெருவின் நீளத்துக்கே அடிக்கும். ஆகவே வரைபடத்தில் பாதை போடும்போது, காலையிலும் மாலையிலும் வடக்கு–தெற்குத் தெருக்களில் அதிக தூரம் போகிற மாதிரி வளைத்துக்கொள்ளுங்கள். இருநூறு முந்நூறு மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு தேர்வு, குறுகிய சந்தா, அகலச் சாலையா? பகலில் சந்து. இரு பக்கக் கட்டடங்களும் ஒன்றுக்கொன்று நிழல் தரும். இரவில் இது அப்படியே தலைகீழ். சந்தில் சுவர்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்ளும், வானத்துக்குத் தப்பிப் போக வழி குறைவு. திறந்த புல்வெளியும் பூங்காவும் இரவில் வேகமாக ஆறும். ஆகப் பகலில் சந்துகள், இருட்டியபின் பூங்கா, மைதானம், ஆற்றங்கரை. கண்ணாடி போர்த்திய உயரக் கட்டடங்களுக்கு எதிர்ப்புறம் மட்டும் எந்தப் பகலிலும் வேண்டாம். அங்கே மேலிருந்து ஒரு வெயில், எதிரிலிருந்து ஒரு வெயில்.

சுமந்து போகும் நிழல் என்றால் குடையும் தொப்பியும். வெப்பத்துக்குக் குடையே மேல் என்பது என் முடிவு. தொப்பி முகத்தையும் கழுத்தையும் காக்கும், அதுவும் விளிம்பு 7 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால்தான். முன்னால் மட்டும் நீண்ட தொப்பியில் காதும் பிடரியும் வெந்துபோகும். எந்தத் தொப்பியானாலும் தலையின் வியர்வை காய்வதை ஓரளவு தடுக்கும். குடை தோள், முதுகு, கைவரை நிழல் தரும், தலைக்கும் துணிக்கும் நடுவில் காற்று ஓட இடம் இருக்கும். வெளியே வெள்ளி அல்லது வெளிர் நிறம், உள்ளே கருமை இருப்பது நல்லது. வெளிப்புறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உட்புறம் தரையிலிருந்து எகிறிவரும் ஒளியை முகத்துக்குத் திருப்பாமல் வாங்கிக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் வீட்டிலுள்ள கறுப்பு மழைக்குடையை எடுத்துக்கொள்ளுங்கள். 2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சாதாரணக் குடைகள் எல்லாமே புற ஊதாக் கதிரில் முக்கால் பங்குக்கு மேல் தடுத்தன, கறுப்புக் குடைகள் 90 விழுக்காட்டுக்கு மேல்.

குடையின் குறை தெரிந்ததுதான். ஒரு கை போய்விடும், பலத்த காற்றில் நிற்காது, நெரிசலான கடைத்தெருவில் மற்றவர் கண்ணைக் குத்தும். குழந்தையைக் கையில் பிடித்திருப்பவர்களுக்கும் படம் எடுத்துக்கொண்டே நடப்பவர்களுக்கும் தொப்பிதான் சரி.

உடுப்பில் எது?

பருத்தியே நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். வறண்ட ஊருக்கு அது உண்மை. பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மெல்லக் காயும், காய்கிறவரை உடம்பை ஒட்டிக் குளிர்ச்சி தரும். புழுக்க ஊரில் அதே குணம் எதிரியாகிவிடும். நனைந்த பருத்தி ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது, உரசி உரசித் தோலைப் புண்ணாக்கும். அங்கே லினன் நல்ல தேர்வு. நூல் விறைப்பாக இருப்பதால் உடம்பில் ஒட்டாமல் நிற்கும், சீக்கிரம் காயும், சுருக்கம் விழுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு உடுப்புகளில் வரும் மெல்லிய பாலியஸ்டர் வியர்வையை வெளிப்பரப்புக்கு இழுத்துப் பரப்பி வேகமாகக் காயவைக்கும். நாற்றம் பிடித்துக்கொள்ளும் என்பதால் அன்றன்றே அலச வேண்டும், அலசினால் இரவுக்குள் காய்ந்தும்விடும்.

துணி எதுவென்பதைவிடத் தளர்வாக இருப்பது முக்கியம். பாலைவன வெயிலில் தளர்வான கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் அணிந்து நின்றவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1980ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை வாங்கினாலும், தோலைச் சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. துணிக்கும் தோலுக்கும் இடையே ஓடிய காற்று மிச்சத்தை வெளியேற்றிவிட்டது. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டைக்கு இது பொருந்தாது. இறுக்கமாகத்தான் உடுத்துவேன் என்றால் வெளிர் நிறத்துக்கு வாருங்கள்.

முழுக்கையா, அரைக்கையா? வெயிலில் நடக்கப் போகிறீர்கள் என்றால் தளர்வான முழுக்கை. பெரும்பாலும் நிழலிலும் மாலையிலும்தான் என்றால் அரைக்கை, புழுக்க ஊரில் கட்டாயம் அரைக்கை. திறந்திருக்கும் இடத்தில் சன்ஸ்கிரீன் தடவி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுங்கள். நிறம் மாறுவதற்காகச் சொல்லவில்லை. வெயிலில் வெந்த தோல் சரியாக வியர்க்காது, அடுத்த நாட்களின் நடைக்கும் அது கேடு.

நனைவதா, விசிறுவதா?

பணம் அதிகமாக வீணாகும் இடம் இதுதான். ‘வியர்வை காயுமா’ என்ற கேள்வி இங்கே நேரடியாக வேலை செய்யும்.

வறண்ட ஊரில் நனையுங்கள். சட்டையை, துண்டை, தலையை, முன்கைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு நடந்தால் அந்த நீர் ஆவியாகி, உடம்பு விடவேண்டிய வியர்வையை மிச்சப்படுத்தும். இதற்குத் தனியாக ‘குளிரூட்டும் துண்டு’ என்று வாங்க அவசியமில்லை. சாதாரணப் பருத்தித் துண்டும் அதே இயற்பியலில்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

புழுக்க ஊரில் நனைந்து பெரிய பயனில்லை, ஏற்கெனவே வியர்வையில் நனைந்துதான் இருப்பீர்கள். அங்கே குறையாக இருப்பது காற்றோட்டம். தோலை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றை விலக்கி, அந்த இடத்துக்குப் புதுக் காற்றைக் கொண்டுவருவதுதான் வேலை. ஆகக் கைவிசிறி, அல்லது கையில் பிடிக்கும் சிறு மின்விசிறி. கழுத்தில் மாட்டும் வகை கையை விடுவிக்கும், ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டுமே காற்று வரும். முதுகும் நெஞ்சும் நனைந்தபடியே இருக்கும். கையில் பிடிப்பதைச் சட்டைக்குள்ளும் காட்டலாம். அதனால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

விசிறிக்கு ஓர் எல்லை உண்டு. காற்று 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை மேலும் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. வறண்ட அனலில், குறிப்பாக வியர்வை குறைவாக வரும் முதியவர்களுக்கு, அதற்கு முன்பே கெடுதல் தொடங்கிவிடும். தோலை நனைத்துவிட்டு விசிறினால் வேறு விஷயம்.

பனிக்கட்டி மேல்சட்டை இரண்டு வகை ஊரிலும் வேலை செய்யும். ஆவியாதலை அது நம்பியில்லை. ஆனால் ஒன்றிரண்டு கிலோ எடையைச் சுமக்க வேண்டும், ஓரிரு மணி நேரத்தில் உருகிவிடும், திரும்ப உறைய வைக்க உறைபெட்டி வேண்டும். ஊர் சுற்றுகிறவருக்கு ஒத்துவராது.

மென்தால் தெளிப்பானையும் பூச்சையும் வாங்கவே வேண்டாம். தோலில் குளிரை உணரும் ஏற்பி ஒன்றை மென்தால் தூண்டிவிடுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் பட்டபூட்டியனும் உணர்வு ஏற்பிகள் பற்றிய ஆய்வுகளுக்காக 2021ல் நோபல் பரிசு பெற்றார்கள். குளிர்கிற உணர்வு வருமே தவிர, உடம்பின் வெப்பம் குறையாது. இன்னும் நடக்கலாம் என்று தோன்றவைப்பதுதான் அதன் ஆபத்து. கழுத்தில் சுற்றும் ஈரத்துணியிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு. கழுத்தைக் குளிர்வித்து ஓடவைத்த ஆய்வுகளில், ஓடியவர்களுக்கு இதமாக இருந்தது, கூடுதல் நேரம் ஓடினார்கள், உள்வெப்பம் மட்டும் இறங்கவில்லை. இதத்துக்காகச் சுற்றிக்கொள்ளுங்கள், ஓய்வைத் தள்ளிப்போட அதைக் காரணமாக்காதீர்கள்.

குளிர்ந்த தண்ணீரா, வெறும் தண்ணீரா?

அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 5 டிகிரியிலிருந்து உடல் வெப்பத்துக்கு வர சுமார் 67 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். அதே அளவு நொறுக்கிய பனிக்கட்டியைத் தின்றால், உருகுவதற்கும் சேர்த்து ஏறக்குறைய 245 கிலோஜூல். அரை லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 1,200 கிலோஜூல். மூன்றையும் அடுக்கிப் பார்த்தால் முடிவு தெளிவாக இருக்கிறது. வறண்ட ஊரில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறதா என்பது முக்கியமில்லை, வியர்வைக்குச் சரக்கு தீராமல் இருக்க வேண்டும், அவ்வளவே. புழுக்க ஊரில் வியர்வையின் பயன் குறைந்துவிடுவதால், குளிர்ந்த தண்ணீருக்கும் பனிக்கட்டிக்கும் மதிப்புக் கூடுகிறது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பு நொறுக்கிய பனிக்கட்டி கலந்த பானம் குடிப்பதைச் சில தடகள வீரர்கள் செய்கிறார்கள். புழுக்கமான நாளில் நீங்களும் முயன்று பார்க்கலாம்.

அளவு பற்றி: வெயிலில் உழைப்பவர்களுக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 240 மில்லிலிட்டர் அளவு, என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒரு மணி நேரத்தில் சுமார் 1.4 லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. நிதானமாக நடப்பவருக்கு அதில் பாதி, முக்கால் பங்கு போதும். வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலியும் குமட்டலும் வந்து, நிலைமை மோசமாகக்கூட ஆகலாம். அதற்காக உப்புப் பானப் பொட்டலங்களை மூட்டை கட்ட வேண்டாம். இடையில் உப்புள்ள உணவு ஏதாவது சாப்பிடுகிறவருக்கு இரண்டு மூன்று மணி நேர நடைக்குத் தண்ணீரே போதும். நாள் முழுக்க நடந்து, சட்டையில் வெள்ளை உப்புத் திட்டு படிகிற அளவுக்கு வியர்த்தால், அப்போது உப்புச் சர்க்கரைக் கரைசல் நல்லது.

ஓய்வில் ஒரு சின்ன தேர்வு

ஏசி இடத்தில் கால் மணி நேரம் உட்காருவதா, குழாயைத் திறந்து கையை நனைப்பதா? இரண்டும் கிடைத்தால் இரண்டும். நூலகம், அருங்காட்சியகம், தடித்த சுவர்களுள்ள பழைய கட்டடம் எதுவானாலும் உச்சி வெயில் நேரத்தை அங்கே கழிப்பது நல்ல திட்டம். நாளில் இரண்டு மூன்று மணி நேரமாவது குளிர்ந்த இடத்தில் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஏசி கிடைக்காத இடத்தில் கைகளை நம்பலாம். உள்ளங்கையில் ரத்த நாளங்கள் நேரடியாக ஒன்றோடொன்று இணையும் தனி வழிகள் உண்டு, சூட்டில் அவை அகலத் திறந்துகொள்ளும். அதனால்தான் தீயணைப்பு வீரர்களை ஓய்வில் உட்காரவைத்து முழங்கைவரை குளிர்ந்த நீரில் கைகளை மூழ்கவைக்கிறார்கள். பத்து, பதினைந்து நிமிடம் வைத்திருந்தால் உள்வெப்பமே இறங்குகிறது. கைகழுவும் தொட்டியில் முழுதாக மூழ்கவைக்க முடியாவிட்டாலும், ஓடுகிற தண்ணீரில் உள்ளங்கையையும் முன்கையையும் சில நிமிடம் காட்டுவது, முகத்தில் தெளிப்பதைவிட அதிகம் உதவும். காசில்லாத இந்த வழியைப் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 5 கிலோமீட்டரிலிருந்து 3க்கு இறங்கினால் உடம்பு உண்டாக்கும் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறையும். புழுக்க ஊரில், வேறு எதுவும் சரியாக வேலை செய்யாத பிற்பகலில், இதைப் போல நம்பகமானது வேறில்லை. சூட்டிலிருந்து சீக்கிரம் தப்பிக்க வேகமாக நடப்பது இயல்பான ஆசை. நிழல் நூறு மீட்டரில் இருந்தால் வேகமாகப் போங்கள், ஒரு கிலோமீட்டர் என்றால் வேண்டாம்.

இன்றைக்குப் போவதா, வேண்டாமா?

இதையும் ஒரு தேர்வாகவே வைக்க வேண்டும். ஈரத்துணி வெப்பமானி 35 டிகிரி காட்டும் காற்றில் மனித உடம்பால் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்று 2010ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2022ல் இளம் வயது ஆரோக்கியமானவர்களை ஆய்வறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரமான சூட்டில் 31 டிகிரி வாக்கிலேயே உள்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்கியது. காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 75 விழுக்காடு என்றால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் நேரத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் பேருந்திலோ ரயிலிலோ ஊரைப் பாருங்கள்.

எல்லோருக்கும் ஒரே கோடு பொருந்தாது. சூட்டுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பு சீக்கிரம் வியர்க்கும், அதிகம் வியர்க்கும், வியர்வையில் உப்பை வீணாக்காது. குளிர்ந்த ஊரிலிருந்து வந்து இறங்கியவர் முதல் இரண்டு மூன்று நாளைக் குட்டி நடைகளாக வைத்துக்கொள்வது நல்லது. வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத் தெரியும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, சில ஒவ்வாமை மாத்திரைகள், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் எடுப்பவர்களின் உடம்பு வெப்பத்தை எதிர்கொள்வதில் பின்தங்கலாம். பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இவர்களோடு போகும்போது, குழுவில் மிகப் பலவீனமானவருக்கு ஏற்ற நேரத்தையும் வேகத்தையும் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நடுவழியில் தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகையான வியர்வையோடு சோர்வு என்று வந்தால் நடை அங்கேயே முடிந்தது. நிழலில் படுக்கவைத்து, உடுப்பைத் தளர்த்தி, நனைத்து விசிறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினால், இடம் தெரியாமல் தடுமாறினால், மயங்கினால் அது வெப்ப வாதம். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அவசர எண்ணை அழைத்துவிட்டு, காத்திருக்காமல் கிடைக்கிற குளிர்ந்த தண்ணீர் எல்லாவற்றையும் உடம்பின் மேல் ஊற்றுங்கள், தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்துக்கொண்டு அதில் இறக்குங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்த வேண்டாம்.